மைத்துனன் பிடிக்கும் கயிறு

எங்கள் தெருவில் மலையேறிய முதல் ஆள் நான்தான். இதை என் வாயால் கேட்காதவர்கள் தெருவில் இனி யாரும் மிச்சமில்லை. டீக்கடையில் நான் தொண்டையைச் செருமினாலே, ‘மலையா அண்ணாச்சி?’ என்று கேட்டுவிட்டுத் தம்ளரோடு தள்ளிப் போய் உட்காருகிறார்கள். போகட்டும். கடற்கரையில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? மேற்கே மழை கொட்டினால் எங்கள் வாசலுக்கு வெள்ளம் வரும். மலைக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் உறவு. அப்படிப்பட்டவன் ஏறிவிட்டு வந்திருக்கிறேன் என்றால் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வேன்.

நான் சங்கு குளிக்கிறவன். குளித்தவன் என்று சொல்ல வேண்டும், வாய் வரமாட்டேன் என்கிறது. இருபத்தாறு வருடம் தூத்துக்குடிக் கடலில் இறங்கி, மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைத் தடவித் தடவி எடுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தவன். பத்துப் பாகம் என்றால் ஒரு முழுப் பனையின் உயரம். அந்த ஆழத்தில் எனக்குப் பயமென்று ஒன்று இருந்ததில்லை. கடைசியில் வலது காதின் செவிப்பறையில் ஓட்டை விழுந்தது. இனித் தண்ணீருக்குள் தலையை விட்டால் மிச்சக் கேள்வியும் போய்விடும் என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்துவிட்டார். நாற்பத்தொன்பது வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருந்தேனா, குழம்பில் உப்பு கூட, மின்விசிறி சத்தம் போடுது என்று வீட்டில் இருந்தவர்களின் உயிரை எடுத்தேன்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறு நுனி மேலே வல்லத்தில், அதாவது படகில், நிற்கிறவன் கையில் இருக்கும். மூச்சடக்கிக் குளித்த காலத்திலும் சரி, காற்றுக் குழாய் வந்த பிறகும் சரி, இது மாறவில்லை. கீழே இருப்பவன் ஒரு முறை இழுத்தால் நலம். இரண்டு முறை இழுத்தால் கயிறு விடு. படபடவென்று இழுத்தால் தூக்கு. அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டோம். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. எனக்கு என் மனைவியின் தம்பி இருபத்திரண்டு வருடம் பிடித்தான்.

என் தங்கையின் கணவரும் சங்குகுளிதான். அவருக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பா மகன் துபாய்க்குப் போய்விட்டான். அதன்பிறகு கூலிக்கு ஒரு ஆள். அவன் ஒரு கையில் கயிறும் மறு கையில் செல்போனுமாக நிற்கிறான் என்று தங்கைக்குக் காதில் விழுந்திருக்கிறது. நேராக என்னிடம் வந்தாள். அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தான். காதுக்குப் பிறகு சும்மாதானே இருக்கீங்க, நீங்க பிடிங்கண்ணே என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். “ஏளா, நான் பத்துப் பாகத்துல கெடந்தவன். என்னைய வல்லத்துல நின்னு கயிறு பிடிக்கச் சொல்லுதியா? அது ஒரு வேலையா?” என்று கத்திவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று என் மைத்துனன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடம் அந்த வேலையைச் செய்தவன். தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. மனைவிக்கு உறைத்தது. ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

மலைக்குப் போகலாம் என்று சொன்னது கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவுக்குக் கடுப்புதான் ஏறும், ஒரு நாள் வேறு எதையாவது பார்ப்போம் என்றாள். களக்காட்டுக்கு மேலே காட்டுக்குள் ஒரு பாதை, நடந்து போனால் அருவி, வனத்துறை அனுமதியோடு காவலர் ஒருவர் கூட வருவார் என்று எல்லாவற்றையும் செல்போனிலேயே விசாரித்து வைத்திருந்தாள். மனைவி, மகள், மைத்துனன், நான் என நாலு பேர். கிறிஸ்மஸ் கழிந்த வாரம் ஒரு நாள் விடியுமுன் வாடகைக் காரில் கிளம்பினோம். மைத்துனன் ஓட்டினான்.

மற்றவர்களுக்கு அது சுற்றுலா. எனக்குப் பரீட்சை. நான் ஓய்ந்துபோனவன் இல்லை என்று காட்ட ஒரு மலை கிடைத்திருக்கிறது, விடுவேனா? நாங்குநேரி தாண்டும்போது மூன்று பேரும் கேட்கச் சத்தியம் செய்தேன். “பாதியில திரும்புனேன்னு வைங்க, தங்கச்சி சொன்ன வேலைக்கே போயிருதேன். கயிறு பிடிக்கேன்.” தண்டனை சொல்வதுபோலச் சொன்னேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா செபமாலையைத் தொடர்ந்தாள். மைத்துனன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

களக்காட்டில் கார் நின்றது. மூவரும் இட்லியும் வடையும் சாப்பிட்டார்கள். நான் ஒரு கருப்பட்டிக் காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். வேலைக்கு இறங்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும், இது எங்கள் தொழில் பாடம். வயிற்றில் சோறோடு குளித்தால் கீழே போய் வாந்திதான். மலைக்கு அந்தப் பாடம் செல்லாது என்பதை யார் சொல்ல? மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை.

வனத்துறை வாசலில் காவலர் காத்திருந்தார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த காணிப் பழங்குடிக்காரர், என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு கயிற்றுச் சுருள், இடுப்பில் அரிவாள், வாயில் அளவான பேச்சு. அட்டை ஏறும், பிய்க்காதீர்கள், தானாக விழும் என்றார். அவ்வளவுதான் அறிவுரை. முன்னால் நடந்தார்.

முதல் அரை மணி நேரம் நான் அவரையே முந்தப் பார்த்தேன். பாதை ஓரத்தில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பனையையும் உடைமரத்தையும் பார்த்த கண்ணுக்கு அந்த மரங்களின் உயரம் பொய்போல இருந்தது. எங்கேயோ ஒரு பறவை ஆள் சீட்டியடிப்பது போலவே சீட்டியடித்தது. மகள் ஒவ்வொன்றுக்கும் நின்று படம் எடுத்தாள். நான் நிற்கவில்லை. ஏற்றம் செங்குத்தாக ஆனது. அப்போதுதான் கண்முன் மின்மினிப் பூச்சி பறக்க ஆரம்பித்தது. ஒரு மரத்தைப் பிடித்தேன். நெஞ்சு அடைத்தது. மனைவி ஓடிவந்து முதுகைத் தடவ, மகள் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, நீங்க ஏன் மூச்சே விடமாட்டேங்கீங்க?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தேன். கஷ்டமான வேலை வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள் என்று மூச்சடக்கிக் குளித்த காலத்தில் உடம்பு பழகியிருக்கிறது. ஏற்றத்தைக் கண்டதும் அதுவாகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டது. இவ்வளவு காற்றும் சும்மா கிடக்கிற இடத்தில் மூச்சடக்கி மூர்ச்சையாகப் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மைத்துனன் திருப்பிக்கொள்ளாமலே சிரித்தான்.

அந்த இடத்திலேயே மனைவி தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. மறு பேச்சில்லாமல் தின்றேன். காவலரும் வாங்கிக்கொண்டார், கருவாடு மட்டும் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு மகள் எனக்குப் பின்னால் நடந்தாள். ஏற்றம் வரும்போதெல்லாம் ‘மூச்சு’ என்பாள், நான் விடுவேன். மூச்சு, மூச்சு என்று அவள் ஓட்ட ஓட்ட அந்த மலையின் முக்கால்வாசியை ஏறினேன். கால் வலித்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரே கும்மாளம். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார் காவலர். அருவிச் சத்தம் ஓட்டை விழுந்த என் வலது காதிலேயே கேட்டது.

அப்புறம் அந்தப் பாறை வந்தது.

பாதை ஒரு வழுக்குப் பாறையின் குறுக்கே போனது. நாற்பது எட்டு இருக்கும். பாறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சாய்ந்த பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் மரங்களின் தலைதான் தெரிந்தது. கால் வைக்க இடம் செதுக்கியிருக்கிறது, சின்னப் பிள்ளைகளே போகும் என்றார் காவலர். அவர் போனார். மகள் போனாள். மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் போல நடந்து போனாள். அவள் முதுகை ஒட்டிக்கொண்டு மைத்துனனும் போய்விட்டான். நான் இரண்டு எட்டு வைத்தேன். பள்ளம் சுற்ற ஆரம்பித்தது.

காது கெட்டவனுக்கு நிதானமும் கெடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டில் மாடிப்படியில் ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை ஆடியிருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. இங்கே பாறை தொட்டில் போல ஆடியது. உட்கார்ந்துவிட்டேன். கடலுக்கடியில் சுறா குறுக்கே போனபோதும் அசராதவன் பாறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். என் பெண்டாட்டி பிள்ளை பார்க்கப் பற்றிக்கொண்டேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்” என்றேன். சத்தியம் ஞாபகம் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அக்கரையில் மைத்துனன் காவலரிடம் கயிற்றைக் கேட்டு வாங்கினான். நுனியை என் பக்கம் வீசினான். “இடுப்புல கெட்டுங்க அத்தான். நம்ம முடிச்சு” என்றான். யோசிக்காமலே அந்த முடிச்சு தானாக விழுந்தது. அவன் பாறையில் காலை ஊன்றி நின்றுகொண்டான்.

“கண்ண மூடுங்க. மழ நாள்ல அடியில கெடக்கும்போது கண்ணுக்கு என்ன தெரிஞ்சிச்சி? கலங்கல்தான. கயிற மட்டும் நெனச்சிக்கிட்டு வாங்க.”

மூடினேன். பள்ளம் காணாமல் போனது. இடுப்பில் கயிறு லேசாக விறைத்தது. எனக்குத் தெரிந்த விறைப்பு, இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த கை. ஒரு முறை இழுத்தேன். நலம். செதுக்கிய குழிகளை வெறும் காலால் தடவித் தடவி, மணலில் சங்கு தடவுவதுபோல நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் அவன் ஒரு எட்டளவு கயிற்றை இழுத்துக்கொண்டான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் கையை மகளின் கை பிடித்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். கடந்துவிட்டிருந்தேன்.

காவலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவரு ஒங்களுக்கு மச்சினனா?” என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். எங்கள் ஆட்களும் தேன் எடுக்கப் பாறையில் இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பது மச்சினன்தான், வேறு ஆளை நம்பமாட்டோம் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலை அவர் பார்த்ததில்லை, மலையை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்துக்காரனும் உயிரைக் கொண்டுபோய் ஒரே ஆள் கையில்தான் கொடுத்திருக்கிறான். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் எதற்கென்று தெரியாமல் குலுக்கினார்.

அருவியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, டீக்கடையில் சொல்லிச் சொல்லி அது இப்போது மூன்று மடங்கு உயரமாகிவிட்டது. என் காதில் மகள் பஞ்சை வைத்து அடைத்து, கழுத்துவரை மட்டும் நனைய அனுமதி கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என் மனைவி வாய்விட்டுக் கத்திக் கும்மாளம் போட்டதைப் பார்த்தேன். அங்கிருந்து கொஞ்சம் மேலே ஒரு மொட்டைப் பாறை. ஏறி நின்றால் கீழே குளங்கள், வாழைத் தோட்டங்கள், வரிசையாகக் காற்றாலைகள், அவற்றுக்கெல்லாம் அப்பால் கிழக்கே பளபளவென்று ஒரு கீற்று. மேகம் என்றாள் மனைவி. கடல் என்றேன். காவலரிடம் கேட்டோம், கடல்தான், மழை விட்ட நாளில் தெரியும் என்றார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். நான் பாதியில் திரும்பவில்லை. சத்தியத்தில் ஜெயித்துவிட்டேன். “கயிறு பிடிக்கிற வேலை தப்பிச்சிட்டு” என்று மைத்துனனைப் பார்த்துச் சொன்னேன். எவ்வளவு திமிர் எனக்கு. அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான்.

திரும்பும்போது மறுபடியும் அந்தப் பாறை. காவலரும் பெண்களும் முதலில் கடந்தார்கள். அடுத்து நான். மைத்துனன் பின்னால் நின்று கயிற்றை விட்டுக்கொடுக்க, இந்த முறை பாதிக் கண்ணைத் திறந்தே வந்துவிட்டேன். முடிச்சை அவிழ்த்துவிட்டு, “வாலே” என்றேன். அவன் வரவில்லை. கயிற்றுச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“அத்தான்,” என்றான். “போகும்போதே எனக்கு உயிர் போயிட்டு. அக்கா முதுகையே பாத்துக்கிட்டு வந்துட்டேன். இப்ப முன்னால ஆளில்ல. கயிற நீங்க பிடிங்க.”

காவலர் முன்னே வந்து, நான் பிடிக்கிறேன் என்றார். வேண்டாமென்று நானே பிடித்தேன். மைத்துனன் தன் பக்கத்து நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டான். அவன் செய்ததுபோலவே நானும் காலை ஊன்றினேன்.

கயிறு பிடிப்பது என்றால் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இறுக்கினால் ஆள் நிலை தடுமாறுகிறான். தளர்த்தினால் பிடித்ததற்கே பொருளில்லை. அவன் அடுத்த எட்டை எப்போது வைப்பான் என்பது அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்தில் பெரிய அணில், பாருங்கப்பா என்று மகள் கூப்பிட்டாள். திரும்ப முடியவில்லை. கை விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது, குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பாதி வழியில் அவன் கால் வழுக்கியது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு விறைத்தது. மாதாவே என்று வாய் சொன்னது. இவனுக்கு ஏதாவது ஆனால் என் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி விழிப்பேன், இவன் வீட்டுக்கு என்ன சொல்வேன் என்று அந்த ஒரு கணத்தில் நூறு யோசனை. அவன் அசையவில்லை. நானும் மூச்சு விடவில்லை.

பிறகு கயிற்றில் ஒரே ஒரு இழுப்பு வந்தது. நலம்.

என் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. அந்த இழுப்பை நான் கீழேயிருந்து எத்தனை ஆயிரம் தடவை கொடுத்திருப்பேன். சங்கு குவிந்து கிடக்கிற இடத்தில் கொடுக்க மறந்தும் போயிருக்கிறேன். மேலே வந்ததும் இவன் கெட்ட வார்த்தையில் திட்டுவான். சாகவா போறேன், ஏம்லே கெடந்து குதிக்க என்று நான் சிரிப்பேன். கீழே இருந்தவனுக்குச் சங்கு இருந்தது, மீன் இருந்தது, பார்க்க ஒரு உலகம் இருந்தது. மேலே நின்றவனுக்கு ஒரு கயிறு மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் இவன் இப்படியா நின்றான்? இதையா நான் இவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வேலையா என்று கேட்டேன்?

அவன் வந்து சேர்ந்தான். என் விரலிடுக்கில் ஒரு அட்டை இரத்தம் குடித்துத் திராட்சைப்பழம் போல வீங்கியிருந்தது. மனைவி அதைப் பார்த்து அலறினாள். எனக்குக் கடித்ததே தெரியவில்லை. நான் மைத்துனன் தோளைப் பிடித்தேன். “அன்னைக்கு நீ சாப்பிடும்போது நான் சொன்னது தப்புலே. மன்னிச்சிரு” என்றேன். சொல்லிவிட்டேன், எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவன் என் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தான். தேங்காயெண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்றான்.

கீழே இறங்கி வந்து, வனத்துறை வாசலைத் தாண்டியதும் செல்போனில் சிக்னல் கோடு தெரிந்தது. தங்கையைக் கூப்பிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டதும், யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் பதறினாள். யாருக்கும் ஒன்றுமில்லை, நான் மலையேறிவிட்டேன் என்றேன். சரி, அதற்கென்ன என்றாள்.

“திங்கக்கிழமை மாப்பிள கடலுக்குப் போறாராளா?” என்று கேட்டேன். “நான் வாரேன்னு சொல்லு. கயிறு பிடிக்க.”

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் மகள் காருக்குள்ளிருந்து, அப்பா, நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே, போக வேண்டியதில்லையே என்று கேட்டாள். ஜெயித்ததால்தான் போகிறேன் என்றேன். மைத்துனன் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“மொத வருசம் தூக்கத்துலயும் கயிறு பிடிப்பீக அத்தான். நான் பிடிச்சேன்.”